இருளப்பன் குரைத்த கதை

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த உங்கள் பயிற்சி வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டு, சால்வை போர்த்தி, முன்வரிசையில் உட்காரவைத்து, நீங்கள் எடுத்த குறும்படத்தைப் போட்டுக் காட்டினீர்கள். சர்க்கரை நோயைப் பற்றிய படம். ஒருவர் ஜிலேபி தின்கிறார். அடுத்த காட்சியில் அவர் கால் அழுகுகிறது. அதற்கடுத்த காட்சியில் காலே இல்லை. பின்னணியில் சங்கு ஊதுகிறது. விளக்குப் போட்டதும் உங்களில் ஒரு தங்கை ஓடிவந்து, "எப்படிம்மா இருந்துச்சு? பாக்கிறவங்க நடுங்கிப் போயிருவாங்கல்ல?" என்று கேட்டாள். கண்ணில் அப்படி ஒரு சந்தோஷம். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, தட்டில் நீட்டிய பால்கோவாவைச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். சர்க்கரை நோய்ப் படம் காட்டிய கையோடு பால்கோவா நீட்டுகிற துணிச்சல் நம் துறைக்கு மட்டும்தான் உண்டு.

வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. நடுங்க வைக்கிற வித்தையை நீங்கள்தான் புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது அல்லவா? எங்கள் காலத்தில் சங்கெல்லாம் கிடையாது. மனிதனையே குரைக்க விட்டோம். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

நானும் உங்களைப் போல சுகாதாரக் கல்வியாளராகத்தான் காலம் தள்ளினேன். ஊசி போடுவது நம் வேலை இல்லை, மாத்திரை கொடுப்பது நம் வேலை இல்லை, பேசுவது மட்டும்தான் வேலை. ஆனால் ஊர்க்காரர்கள் எனக்கு வைத்த பேர் 'ஊசியம்மா'. வாழ்நாளில் ஒரு ஈ எறும்புக்குக்கூட நான் ஊசி போட்டதில்லை. இருந்தாலும் நான் தெருவுக்குள் நுழைந்தால் பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் ஒளியும். பயத்தின் பலனை நான் கற்றுக்கொண்டது அங்கேதான். பயந்தவர்கள் ஒளிவார்கள். நம்மைத் தேடி வரமாட்டார்கள்.

எண்பதுகளின் பிற்பகுதி. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சுகாதார நிலையத்தில் எனக்கு வேலை. அந்தப் பக்கம் நாய்க்கடி பெரிய தொல்லை. ஆனால் ராஜபாளையத்தில் நாயைக் குறை சொல்வது, ஒருத்தர் கொண்டுவந்த சம்பந்தத்தைக் குறை சொல்வது மாதிரி. முகம் சுண்டிவிடும். வெள்ளை வெளேரென்று, உயரமாக, வளர்க்கிறவரை விட மிடுக்காக நடக்கிற அந்த ஜாதி நாய்கள் பெரும்பாலும் வீட்டு கேட்டுக்குள்ளேயே இருந்தன. கடித்ததெல்லாம் தெருவில் திரிகிற, யாரும் பெருமைப்பட்டுக்கொள்ளாத நாய்கள். கடிபட்டவர்கள் காயத்தில் மிளகாய்ப்பொடியை அப்பிக்கொண்டு பச்சிலைக்காரரைத் தேடிப் போவார்கள். எங்களிடம் வராததற்குக் காரணம் எளிது. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. இப்போது கையில் குத்திக்கொண்டு அப்படியே டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். அன்றைய மருந்து வேறு. தினம் ஒன்றாக வயிற்றில் போட வேண்டும். வயிறு கட்டி கட்டியாக வீங்கி, வேட்டியை இறுக்கிக் கட்ட முடியாது. அந்த வருஷம் எங்கள் பகுதியில் வெறிநாய் கடித்துச் சாவும் விழுந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்களுக்கு ஒரு புது மேலதிகாரி வந்து சேர்ந்தார். பேர் வேண்டாம். கல்லூரியில் படித்த நாளில் நாடகம் போட்டவர். எங்களுக்குள் அவருக்கு 'டைரக்டர்' என்று பேர். முதல் கூட்டத்திலேயே சொன்னார்.

"ஜனங்களுக்கு மூளை இருக்குன்னு நம்பி நீங்க எல்லாம் இத்தனை வருஷம் பேசிட்டு இருந்திருக்கீங்க. மூளையெல்லாம் கிடையாது. ஈரக்குலை இருக்கு. அதைப் பிடிச்சு உலுக்குங்க."

உலுக்குவதற்கு அவரே ஒரு நாடகம் எழுதினார். கதை இதுதான். ஒருவனை நாய் கடிக்கிறது. ஊசிக்குப் பயந்து மறைக்கிறான். கொஞ்ச நாளில் குரைக்க ஆரம்பிக்கிறான். நாலு காலில் நடக்கிறான், வாயில் நுரை தள்ளுகிறது, பெண்டாட்டியைக் கடிக்கப் பாய்கிறான். ஊரே சேர்ந்து அவனைத் தொழுவத்தில் சங்கிலியால் கட்டிப்போடுகிறது. குரைத்துக் குரைத்துச் சாகிறான். அப்புறம் நான் மைக்கைப் பிடித்து, "உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்" என்று சொல்ல வேண்டும்.

அந்த வேஷத்துக்குக் கிடைத்தவர்தான் இருளப்பன். நூல் மில்லில் ஷிப்ட் வேலை. ஒவ்வொரு கோயில் கொடைத் திருவிழாவிலும் நாடகத்தில் நடிப்பவர். எந்த வேஷம் கொடுத்தாலும் சாகிற காட்சி மட்டும் வெகு நேரம் நடக்கும். ஒருமுறை ராஜா வேஷத்தில் கத்திக்குத்துப்பட்டு விழுந்தவர் சாவதற்குள், குத்தியவன் போய் மேக்கப்பைக் கலைத்துவிட்டு வந்துவிட்டான் என்று சொல்வார்கள். குரைக்கிற வேஷம் என்றதும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடை வாசலில் படுத்திருக்கிற நாய்களிடம் போய்க் குரைத்துக் காட்டிப் பழகினார். நாய்கள் எழுந்து நின்று யோசிக்கிற அளவுக்குக் கைவந்துவிட்டது.

எனக்கு ஒரு உறுத்தல். வெறிநோய் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீரைக் கண்டால் தொண்டை இழுத்துக்கொள்ளும். காற்றுப் பட்டாலே துடிப்பார்கள். பார்க்கவே சகிக்காது. ஆனால் ஒருத்தரும் குரைத்ததில்லை. அதை டைரக்டரிடம் சொன்னேன்.

"சார், நாய் கடிச்சவங்க குரைக்க மாட்டாங்களே?"

"உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். பாக்கிறவனுக்குத் தெரியுமா?"

"தெரியாதவங்களுக்குச் சொல்லிக்கொடுக்கத்தானே சார் நமக்குச் சம்பளம்?"

அவர் சிரித்தார். "அம்மா, நல்லதுக்குச் சொல்ற பொய் பொய்யே இல்ல. அது மருந்து. ஒரு உயிர் பிழைச்சாலும் நமக்கு லாபம்தானே?"

இந்தக் கேள்விக்கு எதிரே நின்று பேசுவது கஷ்டம். வேண்டுமானால் முயற்சி பண்ணிப் பாருங்கள். உயிர் மேல் அக்கறை இல்லாதவள் என்று பேர் வாங்கிக்கொண்டு திரும்புவீர்கள். நான் அப்படித்தான் திரும்பினேன்.

எங்கள் நிலையத்து டாக்டர் அதிகம் பேசமாட்டார். ஒத்திகை அன்று மேஜை மேல் புதுச் சோப்புக் கட்டி ஒன்று இருந்ததைப் பார்த்து, "இது எதுக்கு?" என்று கேட்டார்.

"வாயில நுரை தள்ளுறதுக்கு சார்."

"அப்படியா? கடிச்ச இடத்தைக் கழுவிக் காட்டுறதுக்கோன்னு நினைச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது. நாய் கடித்தால் முதல் வேலை சோப்புப் போட்டுக் காயத்தை நன்றாகக் கழுவுவது. நாடகம் முழுக்கத் தேடினாலும் அந்த ஒரு வரி கிடையாது. கழுவுகிற காட்சியில் யாருடைய ஈரக்குலை நடுங்கப்போகிறது? டைரக்டர் சேர்க்க மறுத்துவிட்டார். சோப்பு நுரைக்கே போனது.

நாடகம் பிய்த்துக்கொண்டு ஓடியது. அதை நான் மறைக்கவில்லை. சாயங்காலம் ஏதாவது ஒரு ஊர் மைதானத்தில் மேடை போடுவோம். இருளப்பன் முதல் குரைப்புக் குரைத்ததும் முன்வரிசை காலியாகிவிடும். பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுவார்கள். ஓடிப்போய் நின்று அங்கிருந்து எட்டிப்பார்ப்பார்கள். "ஏட்டி, கண்ணைப் பாருட்டி, நாய்க்கண்ணு மாதிரியே இருக்கு" என்பார்கள். டைரக்டர் மேடைக்குப் பக்கத்தில் நின்று கையைத் தேய்த்துக்கொள்வார்.

மறுநாள் காலையில் நிலையத்து வாசலில் வரிசை. டைரக்டர் போட்டோ பிடிக்க ஆள் கூட்டி வந்தார். வரிசையில் நின்றவர்களை விசாரித்தால், ஒருத்தர் காலைப் பூனை உரசிவிட்டுப் போயிருந்தது. இன்னொருத்தர் வீட்டு நாய்க்குட்டி அவர் காலை நக்கியிருந்தது. ஒரு பெரியவரை ஆடு முட்டியிருந்தது. "ஆட்டுக்கெல்லாம் வேண்டாம் தாத்தா" என்றால், "ராத்திரி செருமுனா எனக்கே குரைக்கிற மாதிரி கேக்குதும்மா, ஒண்ணு போட்டு விடுங்க" என்று கெஞ்சுகிறார். நிஜமாகவே கடிபட்டவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களில் யாரோ பிழைத்திருக்கலாம். டைரக்டர் பக்கம் சொல்வதற்கு அது ஒன்று இருக்கிறது, சொல்லிவிட்டேன். போடமாட்டேன் என்று டாக்டர் எவ்வளவோ சொல்லியும் பயந்த கூட்டம் கேட்கவில்லை. கவுன்சிலரைக் கூட்டி வந்தது. கொஞ்ச நாளில் ஊசி மருந்து தீர்ந்துவிட்டது.

அதற்கப்புறம் இன்னொன்று நடந்தது. கடிபட்டவர்கள் வருவது மெல்லக் குறைந்தது. டைரக்டர் அதையும் வெற்றி என்றுதான் எழுதினார். நாய்கள் நாடகம் பார்த்துத் திருந்திவிட்டன என்று நினைத்தாரோ என்னவோ! விஷயம் வேறு. நாய் கடித்தவன் குரைப்பான், பக்கத்தில் இருப்பவரைக் கடிப்பான் என்று ஊருக்கே நாங்கள் பாடம் நடத்தியிருந்தோம். ஊர் நன்றாகப் படித்துவிட்டது. ஒரு தையல்காரரை நாய் கடித்தது என்று கேள்விப்பட்டதும், அளவெடுக்க அவர் பக்கத்தில் யாரும் போகவில்லை. தைக்கக் கொடுத்த துணியைக்கூட வாசலில் நின்றே வாங்கிக்கொண்டு போனார்கள். இதைப் பார்த்தபின் யார் வெளியே சொல்வார்கள்?

இந்த நேரத்தில் ஒரு நாள் நாடகத்துக்கு இருளப்பன் வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பினார். அடுத்த நாடகத்துக்கும் காய்ச்சல். டைரக்டர் பல்லைக் கடித்தார். அப்புறம் ஒரு மத்தியானம் இருளப்பன் வீட்டுக்காரி பேச்சியம்மா நிலையத்துக்கு வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னை வேப்பமரத்துப் பக்கம் கூப்பிட்டாள்.

"ஊசியம்மா, ஒங்க வேலையில சத்தியம் கித்தியம் உண்டுமா? வெளிய சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன். என்ன?"

"அவியள நாய் கடிச்சிருச்சும்மா."

டீக்கடையில் கூட்டாளிகள் நாடகத்தில் குரைத்த மாதிரி குரைக்கச் சொன்னார்களாம். கேட்டதும் கலைஞனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்த நாய்க்கு அந்தக் குரைப்பு என்னவாகப் பட்டதோ, எழுந்து அவர் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் எங்கள் நாடகத்தைப் பார்த்தவர்கள். அங்கேயே அந்த நாயை அடித்துக் கொன்று எரித்துவிட்டார்கள். அப்புறம் எல்லாரும் மெதுவாக இருளப்பனைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையைப் பார்த்ததும் அவர், "பல்லு படலைலே, வேட்டிதான் கிழிஞ்சுது" என்று சொல்லிவிட்டு வேகமாக வீட்டுக்கு வந்துவிட்டார்.

இப்போது பின்கட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறார். வேலைக்குப் போவதில்லை. ஒரு காலைக் கயிற்றால் கட்டிலோடு கட்டிவைத்திருக்கிறார். விடிந்ததும் ஒரு சொம்பில் தண்ணீர் வாங்கி, அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார், பயம் வருகிறதா என்று. "பிள்ளைகளை எங்க அம்மா வீட்டுக்குக் கொண்டுபோய் விடச் சொல்லிட்டாவ" என்றாள். "என்னைய வாசப்படி தாண்ட விட மாட்டங்காவ. சோத்தைத் தள்ளி வைக்கச் சொல்லுதாவ."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அந்த நாய் உயிரோடு இருந்திருந்தால் கட்டிவைத்துப் பத்து நாள் பார்த்திருக்கலாம். அது நன்றாக இருந்தால் இவருக்கும் ஒன்றுமில்லை என்று தெரிந்திருக்கும். அதை எரித்துவிட்டதால் இனி யாராலும் சொல்ல முடியாது. பதினாலு ஊசியும் போட்டே ஆக வேண்டும்.

டாக்டரிடம் சொன்னேன். வேறு யாருக்கும் தெரியக்கூடாது என்றும் சொன்னேன். ஆனால் அறைக்கு வெளியே டைரக்டர் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வந்தார். முகத்தில் கவலை இருந்தது, பொய் சொல்லக்கூடாது. கவலைக்குள்ளே ஒரு யோசனையும் இருந்தது.

"இதுக்கு ஏன் இவ்வளவு யோசிக்கிறீங்க? நேரா போங்க. கண்ணு சிவந்திருக்கு, ஆரம்பிச்சிருச்சு, இன்னைக்கே ஊசி போட்டாத்தான் பிழைப்பீங்கன்னு ஒரு போடு போடுங்க. அலறிக்கிட்டு வருவான். ஒரே ஊசிதான்னு சொல்லுங்க. மத்தது அப்புறம் பாத்துக்கலாம்."

"ஆரம்பிச்சிட்டா ஊசி போட்டும் பிழைக்க முடியாதே சார்?"

"அது அவனுக்குத் தெரியாதும்மா!"

தம்பிகளே, தங்கைகளே, நீங்கள் வேலையில் சேர்ந்த பிறகு ஒரு நாள் இந்த இடத்தில் வந்து நிற்பீர்கள். எதிரே ஒருவன் சாகக் கிடக்கிறான். பொய் ஒன்று கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. அது பலிக்கும் என்றும் தெரிகிறது. நிஜம் பலிக்குமா என்று தெரியாது. அப்போது நியாயம் பேசுகிற வாய் தானாகக் காய்ந்துவிடும். எனக்கும் காய்ந்தது. ஒரு நிமிஷம் டைரக்டர் சொன்னதைச் செய்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். டாக்டர்தான் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுத்தபடி சொன்னார்.

"ஒரே ஊசின்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தா, ரெண்டாவது ஊசிக்கு யார் போய்க் கூப்பிடுறது? நான் போகமாட்டேன்."

நானும் அவரும் இருளப்பன் வீட்டுக்குப் போனோம். பேச்சியம்மா கதவைத் தட்டினாள். உள்ளேயிருந்து, "ஊசியம்மாவா? போகச் சொல்லு" என்று குரல்.

"இருளப்பண்ணே, டாக்டரும் வந்திருக்கார். செத்த நேரம் பேசிட்டுப் போறோம். கதவைத் திறக்க வேண்டாம்."

காலோடு கட்டிய கட்டில் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. அப்புறம் கதவுக்கு மிகப் பக்கத்திலிருந்து கேட்டார்.

"எம்மா, நான் எப்பம்மா குரைப்பேன்?"

சோப்பை வாயில் அதக்கிக்கொண்டு நுரை தள்ளிய மனுஷன். தெருநாயிடம் பாடம் கேட்டுக் குரைத்த மனுஷன். அது வேஷம் என்று எல்லாரையும் விட நிச்சயமாகத் தெரிந்த ஆள் அவர்தான். அவரே கேட்கிறார்.

"குரைக்க மாட்டீங்க அண்ணே. நாய் கடிச்ச யாரும் குரைக்கிறதில்ல."

"அப்ப நாடகத்துல?"

"அது பொய்."

"அம்புட்டும் பொய்யா?"

"ஊசி போடணும்ங்கிறது மட்டும் நெசம்."

"அது மட்டும் நெசம்னு நான் எப்படிம்மா நம்ப?"

இத்தனை வருஷத்தில் என்னை யாரும் அப்படி மடக்கியதில்லை. நிஜத்தை ஏற்றிச் செல்ல ஒரு பொய்யை வண்டியாகக் கட்டினோம். வண்டி கவிழ்ந்தபோது நிஜமும் சேர்ந்து கவிழ்ந்துவிட்டது.

டாக்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார். கதவோடு பேசுவது போல ஒவ்வொன்றாகச் சொன்னார். ஊசி ஒன்று இல்லை, பதினாலு. நன்றாக வலிக்கும். வயிறு வீங்கும், காய்ச்சல் வரும். ரொம்ப அபூர்வமாகச் சிலருக்கு இந்த மருந்தாலேயே கை கால் இழுத்துக்கொள்வதும் உண்டு. கடித்த நாய்க்கு வெறி இருந்ததா இல்லையா என்பது இனி தெரியாது. இல்லாமலும் இருக்கலாம். இருந்து, ஊசியும் போடாவிட்டால் சாவு நிச்சயம்.

கை கால் இழுக்கும் என்று அவர் சொன்னபோது நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இதையா இப்போது சொல்வது? அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அப்ப, குரைக்காமச் செத்துப்போவேனா சார்?"

"ஆமா. ஊசி போடாட்டி, குரைக்காமச் செத்துப்போவே."

உள்ளே ஒரு விசித்திரமான சத்தம் கேட்டது. அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "பொய் சொல்லி ஆள் பிடிக்க வந்தவங்க யாரும் இம்புட்டு மோசமாப் பேச மாட்டாவ சார்" என்றார். "நீங்க சொல்றது நெசமாத்தான் இருக்கும்." ஆனாலும் கதவு திறக்கவில்லை. "ஆனா நான் வெளிய வந்தா ஊரே பாக்கும். குரைப்பான்னு காத்துக்கிட்டு நிக்கும். எனக்கே சந்தேகமா இருக்கு. ஒருவேளை இவ மேல பாஞ்சிட்டா?"

அதுவரைக்கும் சும்மா நின்றிருந்த பேச்சியம்மா கதவை ஓங்கி ஒரு உதை விட்டாள்.

"குரைச்சாக் குரைச்சிட்டுப் போங்க! இத்தன வருசமா நீங்க குறட்டை விட்டதைக் கேட்டுக்கிட்டுத்தானே கெடந்தேன்? அதையும் கேட்டுக்கிடுதேன். கதவைத் தொறங்க!"

தாழ்ப்பாள் விலகியது.

அதற்கப்புறம் வேறு கூத்து. போடுவதற்கு எங்களிடம் மருந்தில்லை. பூனைக்கும் ஆட்டுக்கும் போட்டுத் தீர்த்திருந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் விசாரித்தோம். அங்கேயும் எங்கள் நாடகம் போயிருந்தது, அங்கேயும் இல்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நான் மதுரைக்குப் போய், அலைந்து வாங்கி, ஐஸ் போட்ட பிளாஸ்க்கை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு திரும்பினேன். இருளப்பன் பதினாலையும் போட்டுக்கொண்டார். தினமும் சைக்கிளில் பேச்சியம்மாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டுதான் வருவார். வழியில் நின்று பார்க்கிறவர்களை அவள் முறைத்த முறைப்பில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கை கால் நன்றாக இருந்தது. மில்லில் மறுபடியும் சேர்த்துக்கொண்டார்கள். பக்கத்து மிஷின்காரர் மட்டும் கொஞ்ச நாள் தள்ளியே நின்றாராம்.

டைரக்டருக்கு ரொம்ப சந்தோஷம். இருளப்பன் பிழைத்ததற்காகவும் இருக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரிய அதிகாரிகள் எல்லாம் வந்து பார்க்கப்போகிற நாடகம் ஒன்று பாக்கி இருந்தது. அவரைப் போலக் குரைக்க வேறு ஆள் கிடைக்கவில்லை. வருவாரா என்று கேட்டதற்கு இருளப்பன் மறுபேச்சில்லாமல் வருகிறேன் என்றார். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அன்றைக்கு நல்ல கூட்டம். முன்னால் நாற்காலி போட்டு அதிகாரிகள். நான் மேடைக்குப் பக்கத்தில் மைக்கோடு நின்றேன். தொழுவக் காட்சி வந்தது. இருளப்பன் கையை ஊன்றிக் குனிந்தார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவர் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். அப்புறம் எழுந்து நின்று, வாயிலிருந்த சோப்பைத் துப்பினார். சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார்.

"எய்யா, நான் இருளப்பன். என்னைய நெசமாவே நாய் கடிச்சிருச்சு. பதினாலு ஊசி போட்டிருக்கேன். நாய் கடிச்சா மனுசன் குரைக்க மாட்டான். மத்தவங்களைக் கடிக்கத் திரிய மாட்டான். கடிபட்டவங்களை ஒதுக்காதீங்க. காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. வலிக்கத்தான் செய்யும்."

முதலில் இதுவும் நாடகம்தான் என்று நினைத்துக் காத்திருந்தார்கள். அப்புறம் பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏலே, குரைலே!" இன்னொருத்தன் விசில் அடித்தான். அப்புறம் மைதானம் முழுக்க ஒரே கூச்சல். "குரை! குரை!" என்று கைதட்டித் தாளம் போட்டார்கள். நாற்காலியில் இருந்த அதிகாரி ஒருத்தரும் லேசாகச் சிரித்துக்கொண்டே, "குரைக்கச் சொல்லுங்களேன்" என்றார். டைரக்டர் மேடைக்குப் பக்கவாட்டிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "குரைச்சுத் தொலைப்பா!" என்று கெஞ்சினார். இருளப்பன் சட்டையை இறக்கிவிட்டு, வெறும் மனுஷனாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சாகிற காட்சியை வெகு நேரம் இழுக்கிற மனுஷன், கைதட்டலுக்காக எதையும் செய்கிறவர், அன்றைக்கு வசவு வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றார். கடைசியில் திரையை இழுத்து மூடினார்கள். யாரோ எறிந்த கடலைப் பொட்டலம் திரையில் வந்து விழுந்தது.

டைரக்டருக்கு அந்த வருஷம் கேடயம் கிடைத்தது. முந்தைய நாடகங்களின் போட்டோவை அனுப்பியிருந்தார். நாலு காலில் நிற்கிற இருளப்பன், நுரையோடு. நல்ல தெளிவான படம்.

அன்றைக்குத் திரை மூடிய பிறகு நான் மேடைக்குப் பின்னால் போனேன். இருளப்பன் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். பந்தல் காலுக்குப் பின்னால் ஒரு பெண் நின்றாள். முக்காட்டை இழுத்துப் பிடித்திருந்தாள். அத்திகுளம் பக்கம் பீடி சுற்றுகிறவள், பேர் மைமூன். கூட்டம் கலைகிறவரை காத்திருந்து என்னிடம் வந்தாள்.

"எந்தங்கச்சியக் கடிச்சிருச்சும்மா. அவளுக்கு நிச்சயம் ஆயிருக்கு. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா முடிஞ்சுது. உள்ள வச்சுப் பூட்டியிருக்கோம். குரைக்க மாட்டாளாம்லா? நெசந்தானா?"

"நெசம்தான். நாளைக்குக் காலையில கூட்டிட்டு வா."

கூட்டி வந்தாள். தாமதம்தான், ஆனால் கை மீறிப் போகவில்லை. அதற்குள் புது மருந்தும் வந்திருந்தது, ஊசி எல்லாம் போட்டு முடித்தோம். மாப்பிள்ளை வீட்டுக்கு விஷயம் தெரிந்தபோது பேச்சியம்மா போய் நின்று, தன் புருஷனைக் காட்டி, "இந்தா நிக்காவ, குரைக்காவளா, கேளுங்க" என்று பேசிவிட்டு வந்தாள். கல்யாணம் குறித்த தேதியில் நடந்தது. எனக்கும் டாக்டருக்கும் இருளப்பன் வீட்டுக்கும் பத்திரிகை வந்தது.

பந்தியில் மைமூன் எங்களுக்குப் பிரியாணி வைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். "அன்னைக்கு அவர் பேசினதை அத்தனை கூட்டத்துல ஒருத்தரும் கேக்கல. நீ மட்டும் எப்படி நம்பின?"

"அவரு பேசினதை நானும் நம்பலம்மா" என்றாள் மைமூன். "மேடையில ஏறி யாரு வேணா என்ன வேணா பேசலாம்லா? ஊரே குரை குரைன்னு கத்தியும் அந்த மனுசன் குரைக்கல பாருங்க, அப்பத்தான் நம்பினேன்."